பட்டன் இருந்தால் போதுமா? பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனால், விற்பவர் டயரைக் காட்டி, "பட்டன் அப்படியே இருக்கு பாருங்க சார்" என்பார். பட்டன் என்பது டயரில் சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள். பார்த்தால் இருக்கும். ஆழமான பள்ளங்கள், பாலிஷ் போட்ட கருப்பு. நானும் அப்படிப் பார்த்து நம்பித்தான் 2008ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை 2021இல் வாங்கினேன். வாங்கிய மூன்றாவது வாரம் ஈசிஆரில் ஐப்பசி மழை. கோவளம் தாண்டி ஒரு சாதாரண வளைவு, வேகம் அறுபதைத் தாண்டியிருக்காது. காரின் பின்பக்கம் தானாக ஒரு முழம் வெளியே நகர்ந்தது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இழுத்துப் பிடித்ததால் தப்பித்தேன். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை.

மறுநாள் காலை செல்போன் டார்ச்சை வைத்துக்கொண்டு காருக்கு அடியில் தலையை நீட்டினேன். டயரின் சைடுவாலில், அதாவது பக்கச் சுவரில், 'டாட்' (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசை ஒன்று இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தயாரித்த தேதி: முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். பெரும்பாலான டயர்களில் இந்த நான்கு இலக்கங்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். என் காரில் அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தது. படித்தேன்: 1112. அதாவது 2012ஆம் ஆண்டின் 11ஆவது வாரம். ஒன்பது வயது டயர். கட்டைவிரல் நகத்தால் பட்டனை அழுத்தினேன், பிளாஸ்டிக் வாளியை அழுத்தியதுபோல் இருந்தது. புது ரப்பரில் நகம் லேசாகப் பதிந்து மெல்ல மீளும்.

முதல் தவறு இதுதான், மிகப் பெரிய தவறும் இதுதான்: தேய்மானத்தை மட்டும் பார்த்து வயதைப் பார்க்காமல் விடுவது. தினமும் ஆபீஸ் போய்வரும் காரில் டயர் வயதாவதற்கு முன்பே தேய்ந்துவிடும், நாமும் மாற்றிவிடுவோம். ஸ்போர்ட்ஸ் கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும், வருஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும். பட்டன் தேயவே தேயாது. ஆனால் ரப்பர் ஷெட்டில் சும்மா நின்றாலும் காற்றும் சூடும் பட்டு உள்ளுக்குள் இறுகிக்கொண்டே போகும். உலர்ந்த சாலையில் அது நமக்குத் தெரியாது. ஈரத்தில் தெரியும். 2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தின் விசாரணையில் அதிவேகமே காரணம் என்று முடிவானது. கூடவே, அந்தப் போர்ஷே கரேரா ஜிடியின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை, காரின் கட்டுப்பாட்டை அதுவும் பாதித்திருக்கலாம் என்றும் அதே அறிக்கை சொன்னது. சென்னை வெயிலில் நிற்கும் காருக்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஆறு ஆண்டு. அதைத் தாண்டினால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுவேன். புது டயர் வாங்கும்போதும் பில் போடுவதற்கு முன்பே அந்த நான்கு இலக்கங்களைப் படித்துவிடுங்கள். கடையில் இரண்டு மூன்று வருஷம் கிடந்த டயரைப் புது விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது அளவு. காரில் இப்போது மாட்டியிருக்கும் அளவுதான் சரியான அளவு என்று எண்ணிவிடுகிறோம். முந்தைய உரிமையாளர் அழகுக்காக ரிம் மாற்றியிருக்கலாம், கிடைத்த டயரைப் போட்டிருக்கலாம். ஓனர் மேனுவலில் அல்லது காரில் ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரில் என்ன அளவு இருக்கிறதோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் டயரும் பின் டயரும் ஒரே அளவாக இருக்காது. 2005 முதல் 2012 வரை வந்த பாக்ஸ்டரில் 18 அங்குல ரிம் என்றால் முன்னால் 235/40, பின்னால் 265/40. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்தது விகிதம், அதாவது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது.

நம் ஊரில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதிலிருந்து இந்த மாதிரி அளவுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நான் போன ஒரு கடையில், "அந்த சைஸ் வர ரெண்டு மாசம் ஆகும் சார். 245/40 ஸ்டாக் இருக்கு, நாலும் அதையே போட்டுடலாம், ஒண்ணும் தெரியாது" என்றார்கள். சரி, தெரியுமா தெரியாதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலத்தை விகிதத்தால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, ரிம்மின் விட்டத்தைக் கூட்டினால் டயரின் முழு உயரம் வந்துவிடும். 18 அங்குலம் என்பது 457 மில்லிமீட்டர். 235/40 டயரின் உயரம் 645, 265/40 டயரின் உயரம் 669. முன் டயரைவிடப் பின் டயர் 24 மில்லிமீட்டர் உயரம், கார் அந்தக் கணக்கில்தான் உருவாக்கப்பட்டது. நாலிலும் 245/40 போட்டால் நாலும் 653. உயர வித்தியாசத்தில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும் என்பதால் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் இறங்கும், முன்பக்கம் 4 ஏறும். நம்மூர் ஸ்பீடு பிரேக்கர்களில் இந்த 8 மில்லிமீட்டர் ஒன்றும் சின்ன விஷயமில்லை. அதைவிட முக்கியம், ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் நான்கு சக்கரங்களின் சுழலும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கின்றன. நேர்ச்சாலையிலேயே முன்சக்கரங்களோடு ஒப்பிட்டால் பின்சக்கரங்கள் வழக்கத்தைவிட ஏறத்தாழ 3.7 சதவீதம் வேகமாகச் சுற்றுவதாக அவற்றுக்குத் தெரியும். ஈசிஆரில் என்னைக் காப்பாற்றிய கருவியை நானே குழப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, பின் டயரை அகலமாகக் கொடுப்பதே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. பாக்ஸ்டர்போல இன்ஜின் நடுவில் இருக்கும் காரில் பின்பக்கம் பிடி விட்டால் கார் சட்டென்று சுழலும். முன்பக்கம் முதலில் விட்டால் வளைவில் கார் கொஞ்சம் வெளியே போகும், ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தால் திரும்பி வந்துவிடும். நாலும் ஒரே அகலம் ஆனதும் இந்த ஏற்பாடு பாழாகிறது. இரண்டு மாதம் காத்திருந்தேன். காரை மூடி வைத்துவிட்டுப் பைக்கில் போய்வந்தேன்.

பணம் மிச்சப்படுத்த இரண்டு டயர் மட்டும் மாற்றுவது எல்லாரும் செய்வது, தவறும் இல்லை. ஆனால் ஒரே அச்சில் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும், முன்னும் பின்னும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும். முன்னால் புதுசாக நல்ல பிடியுள்ள டயர், பின்னால் இறுகிப்போன பழசு என்ற சேர்க்கைதான் ஆபத்தானது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் கார் என்றால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அங்கே சக்கரத்துக்குச் சக்கரம் பட்டன் ஆழம் அதிகமாக வேறுபட்டாலே கியர் அமைப்பு தேயலாம்.

போர்ஷேக்காரர்கள் அடிக்கடி குழம்புவது 'என்' (N) குறியீட்டில். சைடுவாலில் என்0, என்1, என்2 என்று பொறித்திருக்கும். அந்த டயரைப் போர்ஷே சோதித்து ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். எண் கூடினால் தரம் கூடும் என்று நினைத்து என்0 டயரை ஒதுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தரவரிசை இல்லை. ஒரு மாடலின் முதல் வடிவம் என்0, பிறகு அதைத் திருத்தியபோது என்1. முன்னும் பின்னும் ஒரே குறியீடாக இருப்பதுதான் முக்கியம். பிஎம்டபிள்யூ கார்களுக்கு இதே வேலையை நட்சத்திரக் குறி செய்கிறது. குறியீடு உள்ளது கிடைக்கவே இல்லையென்றால், சரியான அளவிலும் சுமை எண்ணிலும் நாலும் ஒரே நல்ல டயராகப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குறியீடு உள்ளது இரண்டு, இல்லாதது இரண்டு என்று கலக்காமல் இருந்தால் சரி.

சுமை எண்ணும் வேக எழுத்தும் அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். 97ஒய் என்றால் ஒரு டயர் 730 கிலோ வரை தாங்கும், 300 கிலோமீட்டர் வேகம் வரை சோதிக்கப்பட்டது. "நான் எங்கே 300இல் போகப்போகிறேன்" என்று கீழே இறங்காதீர்கள். வேக எழுத்து என்பது டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கும் அடையாளம். மே மாதத்துத் தார்ச்சாலைக்கு அது தேவை. டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் ட்ரெட்வேர் எண்ணைப் பொறுத்தவரை, அது கம்பெனிகள் தாங்களே சோதித்துத் தாங்களே போட்டுக்கொள்வது. ஒரு கம்பெனியின் 300ஐ இன்னொரு கம்பெனியின் 300ஓடு ஒப்பிட முடியாது. 200க்கும் கீழே உள்ளவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அருமையாகப் பிடிக்கும். பள்ளங்கள் குறைவு என்பதால் கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீர்மேல் மிதக்கவும் செய்யும். சாலையில் ஓட்டும் காருக்கு அவை வேண்டாம்.

இனி நிறையப் பேர் பார்க்கத் தவறும் இடம். ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரங்களைப் பின்னால் நின்று பாருங்கள், மேல்பகுதி லேசாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். வளைவில் பிடி கிடைக்க அப்படிச் செய்கிறார்கள். அதனால் டயரின் உள்விளிம்பு முதலில் தேயும். வெளியே ஐந்து மில்லிமீட்டர் பட்டன் இருக்கும்போதே உள்ளே மொட்டையாகி, சில சமயம் கம்பியே தெரியும். நிமிர்ந்து நின்று பார்த்தால் இது கண்ணில் படாது. காரை லிப்டில் ஏற்றி, டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று நூல் தட்டினால் அந்த டயரில் வீட்டுக்குக்கூட ஓட்டிப்போகாதீர்கள். பழைய காரில் சஸ்பென்ஷன் புஷ்கள் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்கள்) தளர்ந்து போயிருந்தால் இந்தத் தேய்மானம் இரட்டிப்பாகும். முதலில் புஷ், அப்புறம் டயர், அதன்பின் நாலு சக்கரத்துக்கும் அலைன்மெண்ட். வரிசையை மாற்றிப் புது டயரை முதலில் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே புதுசும் உள்விளிம்பில் தேயத் தொடங்கிவிடும்.

பழைய ரிம் தேடிப் புதுப்பேட்டை போகலாம், நானும் போயிருக்கிறேன். பழைய டயருக்கு மட்டும் போகாதீர்கள். அது எந்தக் காரில் எப்படி அடிபட்டது என்பது யாருக்கும் தெரியாது.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சைடுவாலில் 'அவுட்சைடு' என்று எழுதியிருக்கும் பக்கம் வெளியே வர வேண்டும், 'ரொடேஷன்' அம்புக்குறி இருந்தால் கார் முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். அவசரத்தில் திருப்பி மாட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. ரிம்முக்குள் பிரஷர் சென்சார் இருந்தால் டயரைக் கழற்றத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். போல்ட்டைக் காற்று கன் வைத்து முழுசாக முறுக்க விடாதீர்கள். பாக்ஸ்டருக்கு 130 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச்சில் அளந்து முறுக்கச் சொல்லுங்கள். சக்கரம் திருடுபோகாமல் தடுக்கும் லாக் போல்ட்டுக்கான சாக்கெட், டூல் கிட்டில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். செகண்ட் ஹேண்ட் காரில் தொலைந்து போகும் முதல் பொருள் அதுதான். இந்தக் காரில் ஸ்டெப்னியும் கிடையாது, பஞ்சர் ஒட்டும் திரவமும் சின்ன கம்ப்ரஸரும்தான். அந்தத் திரவத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, அதே நேரத்தில் அதையும் பாருங்கள்.

காற்று நாலுக்கும் ஒரே அளவு பிடித்துவிடுவார்கள், அது பழக்கம். ஸ்டிக்கரில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு அதைவிடக் கூடுதலாக ஒன்று என்று இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அதன்படி பிடியுங்கள். புது டயரின் மேல்பரப்பு முதலில் வழுக்கும், 200, 300 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஆனதும் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை டார்க் ரென்ச்சில் சரிபார்த்துவிடுங்கள்.