காது சொல்வதும் வரைபடம் சொல்வதும்: உயர் ரக இயர்போன் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கடையில் 40,000 ரூபாய் விலையுள்ள இயர்போனைப் பத்து நிமிடம் கேட்டேன். சோதனைக்கென்று நான் எப்போதும் வைத்துக்கொள்வது ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனப் பதிவு. வலந்தலையில், அதாவது வலது முகத்தில், விழுந்த சொற்கள் கண்ணாடிச் சில்லுபோல் தெறித்தன. இடது முகமான தொப்பியோ தகரத்தில் தட்டியதுபோல் ஒலித்தது. ஒலி அளவைக் கூட்டிப் பார்த்தேன், பயனில்லை. வேண்டாமென்று வைத்துவிட்டு வந்தேன். நான்கு மாதம் கழித்து நண்பர் வீட்டில் அதே மாடல், அதே பதிவு. அவர் என் வலது காதைப் பார்த்துவிட்டு, ஓர் அளவு பெரிய சிலிகான் முனையை மாட்டிக் கொடுத்து, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகச் சொன்னார். ரவைப் பசை அப்பிய தொப்பியிலிருந்து அந்தக் 'கும்' எழுந்தபோது உடம்பு சிலிர்த்தது.

எந்த அலைவெண்ணில் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று காட்டும் இந்த மாடலின் வரைபடத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். அதில் கீழ் அலைவெண்கள் தாராளமாகவே இருந்தன. கடையில் என் காது அதை மறுத்தது; நான் காதை நம்பினேன். உண்மையில் இரண்டுமே பொய் சொல்லவில்லை. அளவீட்டுக் கருவியில் இயர்போன் இறுக அடைத்துக்கொண்டிருந்தது, என் காதில் அடைக்கவில்லை. காதும் வரைபடமும் முரண்படுவதாகத் தோன்றும் இடங்களில், அவை இரண்டும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான தவறுகள் அந்த இடத்தில்தான் நடக்கின்றன.

ஆகவே, முனை பொருந்துவதற்குமுன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி வெளியே கசிந்துவிடும். மேல் அலைவெண்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சோதிப்பது எளிது. பாட்டு ஓடும்போது விரலால் இயர்போனை மெல்ல உள்ளே அழுத்துங்கள். தாழ்ந்த ஒலி கூடினால் அடைப்பு சரியில்லை என்று பொருள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு முனை வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அடுத்தது, ஒலி அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது. ஒரே பிளேயரில், ஒரே அளவில் வைத்தாலும் ஒரு மாடல் இன்னொன்றைவிட 10 டெசிபல் உரக்கப் பாடக்கூடும். உரக்கப் பாடுவது நமக்குத் தெளிவாகவும் செழிப்பாகவும் படும். ஒலி குறையும்போது தாழ்ந்த அலைவெண்களில் நம் காதின் கூர்மை மற்றவற்றைவிட வேகமாகக் குறைகிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். 1 டெசிபல் வேறுபாடுகூட 'உரக்கம்' என்று தெரியாமல் 'தரம்' என்றே தோன்றும். ஒரே குரல் பகுதியைத் திரும்பத் திரும்ப இரண்டிலும் ஓடவிட்டு, உரக்கம் ஒன்றாகும்வரை சரிசெய்தபின் ஒப்பிடுங்கள். துல்லியம் கிடைக்காது, ஆனால் பெரிய ஏமாற்றம் நீங்கும்.

விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பது இன்னும் ஆழமான தவறு. 1994-இல் ஹர்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 40 பேரை வைத்து நான்கு ஒலிபெருக்கிகளைச் சோதித்தார்கள். ஒருமுறை பார்த்துக் கேட்டார்கள், ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டார்கள். திரை விழுந்ததும் மதிப்பெண்கள் மாறின. கண்ணால் பார்த்தபோது இருந்த இடைவெளி சுருங்கியது. கேட்டவர்கள் ஒலித்துறையிலேயே வேலை பார்த்தவர்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அனுபவம் இந்தச் சாய்விலிருந்து யாரையும் காப்பதில்லை. 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்தபோது, அலைவெண் வளைவுக்கும் விலைக்கும் தொடர்பு எதையும் காணவில்லை.

காதுக்குள் செருகும் இயர்போனில் திரை போடுவது கடினம். தொட்டாலே எது எதுவென்று தெரிந்துவிடும். ஹர்மன் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே இயர்போனை எல்லோர் காதிலும் வைத்து, அலைவெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் மூலம் மற்ற மாடல்களின் வளைவுகளை அதில் போலச்செய்து ஒலிக்கவிட்டார்கள். இதையே நாமும் செய்யலாம். வாங்க நினைக்கும் மாடலின் வளைவுக்கும் உங்களிடம் இருப்பதன் வளைவுக்கும் உள்ள வேறுபாட்டை ஈக்வலைசரில் இட்டு ஒரு வாரம் கேளுங்கள். அச்சு அசலாக வராது. ஆனால் அந்தச் சாயல் உங்களுக்குப் பிடிக்குமா என்பது ஒரு ரூபாய் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

இனி வரைபடத்தைப் படிப்பதில் வரும் தவறுகள். நேர்கோடாக இருந்தால்தான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். திறந்த வெளியில் கேட்கும்போது காதுமடலும், ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமுள்ள செவிக்குழாயும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியை 10 டெசிபலுக்கும் மேல் உயர்த்துகின்றன. நம் மூளை பிறந்தது முதல் அதற்குப் பழகியிருக்கிறது. செருகும் இயர்போன் அந்த வழியை அடைத்துவிடுவதால், மேட்டைத் தானே தந்தாக வேண்டும். இந்த மேட்டைக் கழித்துத் திருத்தம் செய்யாத வரைபடத்தில் நேர்கோடு கண்டால், பாடுபவர் கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல் இருக்கும்.

8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மையான முகடு தெரிந்தால் அதையும் உடனே குற்றமாக எழுதிவிடாதீர்கள். பெரும்பாலான அளவீடுகள் 1981-இல் வந்த ஐஇசி 60711 தரத்தைச் சார்ந்த கப்ளர் என்ற செயற்கைச் செவிக்குழாயில் எடுக்கப்படுகின்றன. அதன் குழாய்க்குள் எழும் அதிர்வும் அந்த முகட்டில் சேர்ந்திருக்கிறது. இயர்போனை எவ்வளவு ஆழம் செருகினார்கள் என்பதைப் பொறுத்து அது இடம் மாறும். உங்கள் செவிக்குழாயில் அது வேறோர் இடத்தில் நிற்கும். அதற்கு மேலுள்ள வளைவை நான் முடிவெடுக்கப் பயன்படுத்துவதே இல்லை. 5,000 முதல் 12,000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் தனிச்சுரம் ஒன்றைக் குறைந்த ஒலியில் கேளுங்கள். எங்கே குத்துகிறதோ அதுதான் உங்கள் காதின் முகடு. அளவீட்டுக் கருவியைக் காது வெல்லும் இடம் இது. புரூயல் அண்ட் கேர் 5128 போன்ற புதிய செயற்கைத் தலையில் எடுத்த வரைபடத்தைப் பழைய கப்ளர் வரைபடத்தோடு ஒப்பிடவும் கூடாது.

இயர்போன் எப்படி ஒலிக்க வேண்டும் என்று ஹர்மன் ஆய்வாளர்கள் வகுத்த இலக்கு வளைவைச் சட்டமாக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அது பலருடைய விருப்பத்தின் சராசரி. அதே ஆய்வுகளில் தாழ்ந்த ஒலி கூடுதலாக வேண்டியவர்களும் குறைவாக வேண்டியவர்களும் இருந்தார்கள். தம்புராவும் குரலும் மட்டுமே உள்ள பதிவுகளுக்கு அந்த வளைவின் கீழ்ப்பகுதி எனக்கு அதிகம், குறைத்துத்தான் கேட்கிறேன்.

முதல் நாள் கேட்டு எழுதிய தீர்ப்பையும் நம்பாதீர்கள். தாழ்ந்த ஒலி மிகுந்த இயர்போனிலிருந்து நேராக மாறினால் நடுநிலையானது ஒல்லியாகத் தெரியும். சில நாளில் காது பழகிவிடும். 'ஐம்பது மணி நேரம் ஓடினால் ஒலி மாறும்' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தப் பழக்கமே என்பது என் கருத்து. பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் உறுப்புகள்) கொண்ட மாடல்களில் பிளேயரின் வெளியீட்டு மின்தடையும் வளைவையே மாற்றக்கூடும். அது இயர்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது.

கடையில் அன்று நான் ஒலி அளவைக் கூட்டிக்கொண்டே போனதை இப்போது நினைத்தால் கவலையாக இருக்கிறது. அடைப்பு சரியில்லாத இயர்போனில் தாழ்ந்த ஒலியைத் தேடி எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், 90 டெசிபலில் 4 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. முனையை மாற்றிய பிறகு நண்பர் வீட்டில் நான் கேட்ட அளவு, கடையில் வைத்ததைவிட வெகுவாகக் குறைவு.