மலைக் குளிரில் பல் பராமரிப்பு: ராத்திரி பிரஷிலிருந்து தொடங்குங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்து வீடுகளில் காலையில் பல் விளக்குவது அநேகமாகத் தவறாது. தவறுவது ராத்திரி. மார்கழிக் குளிரில் குழாய்த் தண்ணீரை வாயில் விட்டால் சுரீரென்று இழுக்கும். குழந்தைகள் கம்பளிக்குள் புகுந்துவிட்டால் எழுப்பவும் மனம் வராது. ஆனால் சொத்தைக்கு வழிவிடுவது அந்த ராத்திரிதான். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். பகலில் வாய்க் கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தைக் கழுவி, பல்லின் மேல் ஓடான எனாமலுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பிக் கொடுப்பது அந்த உமிழ்நீர். அது இல்லாத ஏழெட்டு மணி நேரம், பல்லிடுக்கில் ஒட்டியிருக்கும் வர்க்கித் துணுக்கு கிருமிகளுக்கு விருந்து.

உண்மையில் ராத்திரி பல் விளக்கத் தண்ணீரே அதிகம் தேவையில்லை. பிரஷை நனைக்க வேண்டாம். பேஸ்ட் வைத்து இரண்டு நிமிஷம் தேய்த்து, நுரையை நன்றாகத் துப்பிவிடுங்கள், போதும். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொப்பளித்தால் பேஸ்டில் உள்ள, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடும் சேர்ந்து போய்விடும்; பல்லின் மேல் அது தங்கினால்தான் வேலை செய்யும். வாய் கொப்பளித்தே பழகியவர்கள் வெதுவெதுப்பான நீரில் ஒரே ஒரு வாய் கொப்பளிக்கலாம்.

பேஸ்ட் வாங்கும்போது அட்டையில் ஃப்ளூரைடு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். மூலிகை பேஸ்டுகள் பலவற்றில் அது இருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளூரைடால் பல் பழுப்பாவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது சின்ன வயதிலிருந்து வருஷக்கணக்கில் குடிக்கும் நிலத்தடி நீரால் வருவது. துப்பிவிடும் பேஸ்டால் அப்படி ஆகாது. மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவது போல பிரஷ் முழுக்கப் பிதுக்கத் தேவையே இல்லை. கரித்தூள், செங்கல் பொடி, உப்பு எல்லாம் எனாமலை அரம் போல ராவிவிடும். பிறகு குளிர்ந்த காற்று பட்டாலே பல் கூசும்.

மென்மையான பிரஷாக எடுங்கள். முடி பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி சாய்த்துப் பிடித்து, அங்கேயே சின்னச் சின்ன வட்டமாக அசைத்து, பிறகு ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி இழுங்கள். ரம்பம் அறுப்பது போலக் குறுக்கே தேய்த்தால் ஈறு இறங்கி வேர் தெரியும். ஈறில் ரத்தம் வந்தால் பலரும் அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள்; அங்கேதான் இன்னும் கவனமாக விளக்க வேண்டும். இரண்டு வாரமாகியும் ரத்தம் நிற்காவிட்டால் பல்லில் கல் போல இறுகிய அழுக்கு, அதாவது காரை, படிந்திருக்கும், டாக்டர்தான் எடுக்க வேண்டும். ஜூன் தொடங்கினால் மழையும் மூடுபனியுமாகப் பிரஷ் காயவே காயாது. மூடி போடாமல், ஒன்றோடொன்று உரசாமல், நிமிர்த்தி வையுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள்.

குழந்தைக்கு ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் விளக்கிவிட வேண்டும். மடியில் தலை சாய்த்துப் படுக்க வைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்பல்லில் ஈறை ஒட்டிச் சாக்பீஸ் தடவியது போல மங்கிய வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தையின் முதல் படி அது. சர்க்கரை போட்ட பால் பாட்டிலோடு தூங்கும் பிள்ளைகளுக்கு அங்கேதான் ஆரம்பிக்கும். அப்போதே பாட்டிலை நிறுத்தி, ஃப்ளூரைடு பேஸ்டால் தவறாமல் விளக்கினால் பல்லை மீட்டுவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். ‘விழப்போகிற பல்தானே’ என்று விடாதீர்கள். பால் கடைவாய்ப் பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும்.

ஆறு வயதில் ஒன்று நடக்கும். எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல் என்று பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. மற்றப் பற்களைவிடத் தாழ்ந்திருப்பதால் நேராக விளக்கினால் பிரஷ் எட்டாது. கன்னத்துப் பக்கமிருந்து குறுக்கே விட்டுத் தேய்க்க வேண்டும்.

அடுத்தது டீ. ஒவ்வொரு இனிப்பு மடக்குக்கும் பிறகு அரை மணி நேரத்துக்கு வாயில் அமிலம் இருக்கும். ஃபிளாஸ்கில் கொண்டுபோய்க் காலை முழுக்க மடக்கு மடக்காகக் குடித்தால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. அதே டீயை ஒரே இருப்பில் குடித்து முடித்து, பிறகு வெறும் தண்ணீர் குடியுங்கள். பிளம்ஸ், எலுமிச்சை போன்ற புளிப்பு சாப்பிட்டால் அரை மணி நேரம் கழித்துத்தான் பிரஷைத் தொட வேண்டும்.

பல்வலிக்கு நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஈறு வெந்துவிடும். ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். மாத்திரையைப் பொடித்துப் பல்லில் வைப்பதும் புண்ணாக்கும். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளித்துவிட்டு, மறுநாளே டாக்டரிடம் போங்கள். வலி தானாக நின்றாலும் போங்கள்; உள்ளே நரம்பு செத்துச் சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினாலோ, விழுங்கவும் வாய் திறக்கவும் முடியாவிட்டாலோ, விடியும் வரை காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சரிவான எஸ்டேட் ரோட்டில் விழுந்து நிரந்தரப் பல் வேரோடு வந்துவிட்டால், பல்லின் வெள்ளைப் பக்கத்தை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடவோ துடைக்கவோ கூடாது. மண் இருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ ஒரு நொடி அலசி, அந்தக் குழியிலேயே திருப்பிச் செருகி, மடித்த துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காய்ச்சாத பாக்கெட் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வேரின் மேலுள்ள உயிரணுக்கள் காய்ந்தால் அரை மணிக்குள்ளேயே சாகத் தொடங்கும். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகிவிடும் என்பதால், விழுந்த இடத்திலேயே செருகுவதுதான் மலையில் பல்லைக் காப்பாற்றும். பால் பல்லை மட்டும் திருப்பி வைக்கக் கூடாது, அடியில் இருக்கும் நிரந்தரப் பல் கெடும்.

வீட்டில் புகையிலை, பாக்கு போடுகிற பெரியவர்கள் இருந்தால் மாதம் ஒரு முறை ஜன்னல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், மூன்று விரல் நுழைய முடியாத அளவுக்கு வாய் இறுகுவது, இவற்றில் எது தெரிந்தாலும் வலி இல்லையே என்று விடாமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.