கல்லூரி விடுதிக்குப் பொருள் எடுத்துச் செல்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் கலந்தாய்வில் இடம் உறுதியானதிலிருந்து வகுப்பு தொடங்கும் வரை உள்ள சில வாரங்களில், பிள்ளையை விடுதியில் சேர்க்கப்போகும் வீடுகளில் கூடத்தின் ஒரு மூலை மெல்ல நிறையத் தொடங்குகிறது. பெரியம்மா ஒரு கம்பளிப் போர்வையும் மாமா ஒரு டிராலி பெட்டியும் கொண்டுவந்து கொடுக்க, வாங்கி வைத்த பக்கெட்டுக்குள் சோப்பும் சீப்பும் ஹேங்கர்களும் அடுக்கப்பட, கிளம்பும் நாளில் காரின் டிக்கி மூடுவதில்லை. அங்கே போய் அறைக் கதவைத் திறந்தால் மூன்று அல்லது நான்கு கட்டில்கள், ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு ஒடுக்கமான இரும்பு அலமாரி. பல விடுதிகளில் அந்த அலமாரியிலும் பாதிதான் ஒருவருக்கு. கொண்டுபோனதில் ஒரு பங்கு அன்றே அதே காரில் திரும்பிவிடுகிறது.

இதில் நேரும் தவறுகள் பல என்றாலும், என் கணிப்பில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: அறையைப் பார்க்கும் முன்பே நான்காண்டுக்கும் வேண்டியதை வாங்கி முடித்துவிட நினைப்பது. தமிழ்நாட்டுக்குள்ளேயே படிக்கும் மாணவர் பெரும்பாலும் ஓர் இரவுப் பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருக்கிறார். ஆயுதபூஜைக்கோ தீபாவளிக்கோ எப்படியும் வீட்டுக்கு வருவார். ஆகவே முதல் பயணத்தில் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தேவையானவற்றை மட்டும் எடுத்துச் சென்று, அறையின் அளவும் விடுதியின் வழக்கமும் தெரிந்தபின் மீதியை இரண்டாம் பயணத்தில் கொண்டுபோவதே செலவும் சுமையும் குறைந்த வழி.

இணையப் பட்டியலை அப்படியே பின்பற்றுவது

விடுதிக்கு என்னென்ன வேண்டும் என்று தேடினால் முதலில் வந்து விழும் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்காக எழுதப்பட்டவை. சிறு குளிர்பதனப் பெட்டி, மைக்ரோவேவ், ‘ட்வின் எக்ஸ்எல்’ அளவு விரிப்பு என்று அவை நீளும். அந்த விரிப்பு 80 அங்குல நீள மெத்தைக்கு உரியது. நம் விடுதிக் கட்டில் பெரும்பாலும் 6 அடி, அதாவது 72 அங்குலம்தான். பட்டியலைத் தமிழில் மொழிபெயர்த்துப் போடுபவர்களும் இந்த அளவை மாற்றுவதில்லை. நம் விடுதிக்கு உண்மையிலேயே தேவைப்படும் பூட்டு, மக், கொடிக்கயிறு, கொசுவலை ஆகியவை அந்தப் பட்டியல்களில் இருப்பதும் இல்லை. கல்லூரி தரும் விடுதி விதிமுறைத் தாளும், அதே விடுதியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு சீனியரோடு பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சும் எந்தப் பட்டியலையும் விடப் பயன் தரும்.

விதிமுறைத் தாளைப் படிக்காமல் மின்சாதனம் வாங்குவது

வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு, கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகிய மூன்றும் பெரும்பாலான விடுதிகளில் தடை செய்யப்பட்டவை. காப்பாளரின் கண்டிப்பு என்று இதை எடுத்துக்கொண்டு துணிகளுக்கு அடியில் ஒளித்து எடுத்துச் செல்பவர்கள் பலர். தடைக்குக் காரணம் எளிய கணக்கு. அறைகளில் இருக்கும் சாதாரண பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட் மின்சாரத்தில் அது 1380 வாட். கடையில் கிடைக்கும் கெட்டில்களும் ராடுகளும் பெரும்பாலும் 1500 வாட். ஒன்றைச் சொருகினாலே வரம்பு மீறுகிறது. ஒரே தளத்தில் நான்கு அறைகளில் அதிகாலையில் ஒரே நேரத்தில் சொருகினால் எம்சிபி (சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து தளம் முழுவதும் இருளாகும், அல்லது விழ வேண்டியது விழாமல் ஒயர் சூடேறி உருகும். ராடு போட்ட தண்ணீரில் சுவிட்சை அணைக்காமலே கையை விட்டுச் சூடு பார்ப்பது உயிருக்கே ஆபத்து. வெந்நீர் தேவைப்படும் உடல்நிலை இருந்தால் காப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மெஸ்ஸில் இருந்து ஒரு பக்கெட் வெந்நீர் பெறுவது பல விடுதிகளில் நடக்கக்கூடியதே.

மாறாக, மூன்று முனை பிளக் சொருகக்கூடிய தரமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துச் செல்ல மறப்பவர்கள்தான் அதிகம். பிளக் பாயிண்ட் அறைக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் கட்டிலிலிருந்து எட்டாத சுவரில் இருக்கும். மடிக்கணினி சார்ஜர் 65 வாட் அளவே எடுப்பதால் நான்கு பேர் ஒரே பெட்டியில் சொருகினாலும் குறையில்லை. இதற்கும் விதிமுறைத் தாளை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். சில விடுதிகள் இதையும் அனுமதிப்பதில்லை.

மெத்தையை முதலில் வாங்குவது

வீட்டில் அதிகம் பணம் வீணாவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒற்றை மெத்தை என்ற பெயரில் கடைகளில் 72, 75, 78 அங்குல நீளங்களிலும், 30, 36 அங்குல அகலங்களிலும் விற்கிறார்கள். கட்டிலின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரும்புச் சட்டம் இருந்தால் 78 அங்குல மெத்தை நடுவில் கூடாரம்போல் எழுந்து நிற்கும். இரண்டரை அடி அகலக் கட்டிலில் 36 அங்குல மெத்தை ஓரத்தில் தொங்கும். விடுதியே மெத்தை தருகிறதா, கட்டில் அளவு என்ன என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் வாங்கவே கூடாது. கேட்க வழியில்லையென்றால் முதல் சில நாள்களுக்கு ஒரு பவானி ஜமக்காளமும் அதன்மேல் விரிக்க ஒரு கனமான போர்வையும் போதும். ஊருக்கு ஊர் கல்லூரி இருக்கும் நம் மாநிலத்தில், பெரிய கல்லூரியின் வாசலை ஒட்டிய கடைத்தெருவில் அந்த விடுதியின் கட்டில் அளவு தெரிந்த மெத்தைக்கடைக்காரர் ஒருவர் இல்லாமல் இருக்கமாட்டார்.

படித்து முடித்த சீனியர்கள் விட்டுப்போன மெத்தையை இலவசம் என்று எடுத்துக்கொள்வதும் தவறுதான். மூட்டைப்பூச்சி அறைக்குள் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். வந்துவிட்டால் கட்டில் இடுக்கு, பெட்டியின் தையல், புத்தகத்தின் முதுகு என்று எங்கும் பரவி, விடுமுறையில் உங்களோடு வீட்டுக்கும் வந்து சேரும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் வெயிலில் போட்டு, தையல் ஓரங்களைப் பிரித்துப் பார்த்து, கரும்புள்ளிகள் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கொசுவலை வாங்குவோர் நான்கு மூலையிலும் கட்டும் வலையை வாங்கிவிட்டு, கட்டிலில் கம்பும் சுவரில் ஆணியும் இல்லாமல் விழிக்கிறார்கள். ஆணி அடிக்க விடுதியில் அனுமதி கிடைப்பது கடினம். தானே விரிந்து நிற்கும் கூடார வகை வலை இந்தச் சிக்கலைத் தீர்க்கும்.

துணியின் எண்ணிக்கையைப் பார்த்து வகையைப் பார்க்காமல் விடுவது

முதல் பருவம் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கினால், அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கழிகிறது. எனவே எத்தனை சட்டை என்பதைவிட எது விரைவில் காயும் என்பதே முக்கியம். கனமான ஜீன்ஸ் மழைநாளில் வராந்தாக் கொடியில் இரண்டு நாளும் காயாமல் கிடந்து வாடை வீசும். தடித்த டர்க்கித் துண்டும் அப்படியே. ஈரோட்டுப் பக்கத்து மெல்லிய பருத்தித் துண்டு இரண்டு இருந்தால் ஒன்று காயும்போது ஒன்று பயன்படும். வெளியுடைகளைக் குறைத்து உள்ளாடைகளைக் கூட்ட வேண்டும் என்பது யாரும் வெளிப்படையாகச் சொல்லித் தராத கணக்கு: வாரம் ஒருமுறை துவைப்பவர் மழைக்காலத்தில் பத்து நாளுக்கு வேண்டியதை வைத்திருப்பது நல்லது.

நம் ஊர்த் தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் உடைக் கட்டுப்பாடு உண்டு. ஆண்களுக்கு டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் கூடாது, பெண்களுக்குத் துப்பட்டாவுடன் கூடிய சுடிதார் என்ற வகையிலான விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இதை அறியாமல் சேர்க்கைக்கு முன் வாங்கிக் குவித்த புதுத் துணிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும். முதலாண்டுப் பட்டறைப் பயிற்சிக்குத் தோல் ஷூ கேட்பார்கள்; பட்டறைச் சீருடையை அதன் நிறத்தைக் கல்லூரி அறிவித்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

துணியில் அடையாளம் இடாமல் போவது சிறிய தவறுபோலத் தோன்றும். ஒரே நீல நிறச் சட்டை ஒரே கொடியில் ஆறு தொங்கும் இடத்தில், காலருக்கு உள்பக்கம் ஊசிநூலால் போட்ட இரண்டு எழுத்துதான் சண்டையைத் தவிர்க்கும். மார்க்கர் பேனா எழுத்து சில துவைப்புகளில் மங்கிவிடுகிறது.

பூட்டு, சாவி, சான்றிதழ்

வீட்டில் சும்மா கிடக்கும் பெரிய பூட்டை எடுத்துக்கொண்டு போனால், அலமாரிக் கொண்டியின் சிறு துளைக்குள் அதன் வளையம் நுழையாது. 40 அல்லது 50 மில்லிமீட்டர் அளவுப் பூட்டு இரண்டு, ஒன்று அலமாரிக்கு, ஒன்று பெட்டிக்கு, போதுமானது. இரண்டாவது சாவியை அந்த அலமாரிக்கு உள்ளேயே வைத்துப் பூட்டுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அதற்குரிய இடம் பூட்டிய பொருளுக்கு வெளியேதான்.

அசல் சான்றிதழ்களை விடுதி அறையில் வைத்திருப்பது இதைவிடப் பெரிய தவறு. சேர்க்கையின்போது மாற்றுச் சான்றிதழைக் கல்லூரி பெற்றுக்கொள்வது வழக்கம்; மற்ற அசல்களைச் சரிபார்த்தபின் நிறுவனங்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் அறிவித்தது. திரும்பப் பெற்ற மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவை அன்றே பெற்றோரோடு வீடு திரும்ப வேண்டும். மாணவரிடம் இருக்க வேண்டியவை நல்ல ஜெராக்ஸ் படிகள் சில, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், ஆதார் நகல், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல். அரசுப் பள்ளியில் படித்து வந்து புதுமைப்பெண் அல்லது தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெற விண்ணப்பிப்போருக்கு ஆதாரும் வங்கிக் கணக்கும் பள்ளிப் படிப்பு விவரங்களும் தேவைப்படும். இவற்றுக்காகப் பாதி வாரத்தில் ஊருக்கு ஓடிவருவது தேவையற்ற அலைச்சல்.

தின்பண்டமும் மருந்தும்

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு ஆகியவை மெஸ் சாப்பாட்டைக் கடக்க உதவும் என்பதில் சந்தேகமில்லை. அவற்றை ஒரே பெரிய பாத்திரத்தில் கொடுத்தனுப்புவதுதான் தவறு. நான்கு பேர் ஈரக் கரண்டி விட்டால் ஒரு வாரத்தில் பூசணம் பூக்கும். சிறிய, இறுக மூடும் டப்பாக்களில் பிரித்துக் கொடுத்தால் ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். இனிப்புக்கு எறும்பு வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மருந்துப் பெட்டியில் பாராசிட்டமாலும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் இருந்தால் நல்லது. வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கையும் வலி மாத்திரைகளையும் அள்ளிப் போட்டு அனுப்புவது ஆபத்தானது. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். இரண்டு நாளில் தணியாத காய்ச்சலுக்கு மாத்திரை அல்ல, இரத்தப் பரிசோதனைதான் தேவை. ஆஸ்துமா போன்று தொடர் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரின் சீட்டையும் ஒரு மாதத்துக்கான மருந்தையும் கொண்டுசெல்வதோடு, அறைத்தோழரிடமும் காப்பாளரிடமும் அதைத் தெரிவித்து வைப்பது அவசியம்.

படிப்புக்கான பொருள்களிலும் அவசரம் கூடாது. பொறியியல் வரைபடம் வரையும் கருவியான மினி டிராஃப்டரும் பாடப்புத்தகங்களும் சீனியர்களிடம் பாதி விலையில் கிடைக்கும். கால்குலேட்டரைத் தேர்வில் எந்த வகை அனுமதி என்று கேட்டபின் வாங்க வேண்டும். துறை எந்த மென்பொருளைப் பயன்படுத்தும் என்று தெரிந்தபின் மடிக்கணினி வாங்கினால், தேவைக்கு மேற்பட்ட திறனுக்குப் பணம் கொடுக்க நேராது.

வடக்கே போகிறவர்கள்

டெல்லி, கான்பூர், வாரணாசி போன்ற ஊர்களில் இடம் கிடைத்தவர்களுக்குக் கணக்கு வேறு. தீபாவளிக்கு வருவதுகூட டிக்கெட் கிடைப்பதைப் பொறுத்தது. இரயிலில் ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். உள்நாட்டு விமானங்களில் செக்-இன் செய்யும் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். பவர் பேங்கை அந்தப் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும்.

இவர்கள் செய்யும் பெருந்தவறு, குளிருக்கு அஞ்சிச் சென்னையிலேயே கம்பளிகளை வாங்குவது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் டெல்லியில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அந்தக் குளிருக்கான ரஜாய் என்னும் பஞ்சடைத்த போர்வையும் உள்ளே அணியும் தெர்மல் உடையும் அங்குள்ள சந்தையில்தான் தரமாகவும் மலிவாகவும் கிடைக்கும். அக்டோபர் இறுதி வரை தாக்குப்பிடிக்க ஒரு ஸ்வெட்டர் போதும். ஆகஸ்டில் போய் இறங்கும்போது அங்கே வெயிலும் புழுக்கமுமாகத்தான் இருக்கும்.

அறையைக் காலி செய்யும் நாளை மறப்பது

ஆண்டு இறுதி விடுமுறையில் பல விடுதிகள் அறையை முழுவதும் காலி செய்யச் சொல்லும்; அடுத்த ஆண்டு வேறு அறை, வேறு தளம். நான்கு மாடி மாடிப்படியில் இறக்கி ஏற்ற வேண்டியதை இன்றே மனத்தில் வைத்தால், பெரிய டிரங்குப் பெட்டிக்குப் பதிலாக ஒருவர் தனியாகத் தூக்கக்கூடிய இரண்டு நடுத்தரப் பைகளைத் தேர்ந்தெடுப்பீர்கள். பக்கெட், மக், துடைப்பம், கொடிக்கயிறு ஆகியவற்றைக் கல்லூரி வாசலில் வாங்கி, போகும்போது அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிடலாம். சில விடுதிகளில் மீதிப் பொருள்களைப் பூட்டி வைக்க ஒரு பொது அறை தருவார்கள். இருக்கிறதா என்று சேரும் நாளிலேயே காப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொண்டால், மே மாதத்தில் மெத்தையைச் சுருட்டிப் பேருந்தின் மேல் கட்ட வேண்டியிராது.