படுக்கைக்குக் கீழே தண்ணீர்: நான் சரிசெய்த விதம்

யாழ்ப்பாணத்து ஊர்காவற்துறையில் கட்டி நிறுத்தியிருந்த எங்கள் 30 அடி பாய்மரப்படகிலேயே ஐப்பசியில் குடியேறினோம். வாடைமழை தொடங்கியதும் படுக்கைப் பலகையின் கீழே தினமும் ஒரு வாளித் தண்ணீர். அடிப்பக்கம் வெடித்துவிட்டதென்று மனைவி பயந்தாள். பக்கத்து வள்ளத்து அண்ணை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, முதல்ல நாக்கில வைச்சுப் பார். உப்போ சப்போ?"

சப்பு. கடல் இல்லை, மழை.

தண்ணீர் ஒழுகும் இடத்துக்கு நேர்மேலே பெரும்பாலும் ஓட்டை இருக்காது; பலகைக்குள் ஊர்ந்து வரும். மேல்தளத்தில் நான் இடம் இடமாக ஊற்ற, உள்ளே மனைவி டோர்ச்சோடு பார்த்தாள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பி பூட்டிய தகட்டடியில்தான் கசிவு.

பாயேற்றும் கயிற்றால் மரத்தை அதே பக்கம் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் கம்பியைக் கழற்றினேன். இல்லாவிட்டால் மரம் சரியும். போல்ட்டை எடுத்தால், உள்பலகை தேநீரில் ஊறிய ரஸ்க் மாதிரி விரலோடு வந்தது. துளையைப் பெருப்பித்து, உக்கியதைச் சுரண்டி, மேலே தறப்பாள் கட்டிப் பத்து நாள் காயவிட்டேன். இதில் அவசரப்பட்டால் எல்லா வேலையும் வீண். எப்பொக்சிப் பிசினால் நிரப்பி, இறுகியபின் நடுவில் புதுத்துளை போட்டேன். இனிப் போல்ட் வழியே கசிந்தாலும் பலகையில் ஊறாது.

நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பசை பூசியதும் முழுக்க இறுக்கக் கூடாது, பசை பிதுங்கிவிடும். இலேசாகப் பூட்டி, பசை காய்ந்தபின் நட்டை மட்டும் திருப்பி இறுக்க வேண்டும். போல்ட் சுழன்றால் பசை விட்டுப்போகும்.

மெத்தையின் அடி ஈரம் வேறு கதை, அது உடம்பின் சூடும் ஈரமும் குளிர்ந்த பலகையில் பட்டு வேர்ப்பது. மெத்தைக்கடியில் பனஞ்சலாகைகளை இடைவெளி விட்டு அடித்தேன். இப்போது காற்றோடுகிறது.