விமானம் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் பறக்கும்? நீங்களே கணக்குப் போடலாம்

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துத் தூரம் அளக்காதீர்கள். நியூயார்க்கும் மாட்ரிட்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, படத்தைப் பார்த்தால் நேர் கிழக்கே போனால் போதும் என்றுதான் தோன்றும். ஒரு பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊரிலும் நூலை அழுத்திப் பிடித்து இறுக்கிப் பாருங்கள், நூல் தானாகவே வடக்குப் பக்கம் நகர்ந்துவிடும். அதுதான் குறுக்கு வழி, சுமார் 5,770 கி.மீ. அட்சரேகையை ஒட்டியே போனால் கிட்டத்தட்ட 170 கி.மீ. கூடிவிடும்.

நூலுக்குப் பதில் கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோலையும் பயன்படுத்தலாம். ஊரின் மேல் புள்ளி வைக்காமல் விமான நிலையத்தின் மேலேயே வையுங்கள், டோக்கியோவுக்கே நரிட்டா, ஹனேடா என்று இரண்டு இருக்கின்றன. அலகையும் கவனியுங்கள். கடல் மைல் என்றால் 1.852 கி.மீ.

சரி, நேரத்துக்கு வருவோம். தூரத்தை 900-ஆல் வகுத்து அரை மணி சேருங்கள். பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் போகும், அந்த அரை மணி ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்குவதற்கும். நரிட்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் சுமார் 8,750 கி.மீ., கணக்கு 10 மணி 13 நிமிடம் என்று வரும்.

இப்போது டிக்கெட்டைப் பாருங்கள். கோடைக்காலத்தில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி, அதே நாள் காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்குவதாகப் போட்டிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம், இரண்டு நேரமுமே அந்தந்த ஊர் நேரம். அப்போது இரண்டு ஊருக்கும் 16 மணி நேர வித்தியாசம், டோக்கியோவில் மாலை 5 என்றால் அங்கே அன்று அதிகாலை 1 மணி. 1-லிருந்து 11 வரை எண்ணினால் 10 மணி நேரம்.

திரும்பி வரும்போது இதே கணக்கைப் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்று வீசுகிறது, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். கிழக்கே போகும் விமானத்தை அது தள்ளிவிடும், மேற்கே வருவதை எதிர்த்து நிற்கும், அதனால் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து டோக்கியோ வர 12 மணி நேரம் வரைகூட ஆகும். மேற்கே நெடுந்தூரம் போவதென்றால் ஒன்றரை மணி நேரமாவது கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வானத்திலும் மூடிய வழிகள் உண்டு. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும், சுமார் 9 மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரமாகிவிட்டது, நூல் பிடித்து அளந்த தூரம் என்னவோ அதேதான். அதனால் கணக்குப் போட்டு முடித்ததும் விமானங்களின் பயணத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 என்ற இணையதளத்தில் அந்த விமான எண்ணைத் தட்டி, கடந்த ஒரு வாரம் உண்மையில் எவ்வளவு நேரம் பறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.