பிளஸ் டூ ஆங்கிலத் தேர்வு: தமிழ்வழி மாணவர் எங்கிருந்து தொடங்குவது?

கணக்குக்கும் வேதியியலுக்கும் டியூஷன் தேடி ஓடுகிற பிள்ளைகள் ஆங்கிலத்தை மட்டும் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைத்துவிடுவார்கள். பொறியியல் கட்-ஆஃப்பில் ஆங்கில மார்க் சேராது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். உண்மையில் புத்தகத்தைத் திறந்தாலே வருகிற பயம்தான் காரணம். ஆனால் ஆங்கிலத்தில் 35 வராவிட்டால் மற்ற பாடங்களில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தேர்ச்சி கிடையாது. துணைத்தேர்வு எழுதி முடிவு வரும்வரை கல்லூரி விண்ணப்பம் அந்தரத்தில் நிற்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கே இப்படி ஆவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிற, ஆங்கிலம் நமக்கு வராது என்று தீர்மானித்துவிட்ட பிள்ளைகளுக்கானது. அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஆரம்பித்தால்கூடப் போதும். அதற்கு முன்னாலேயே ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

படி 1: புத்தகத்துக்கு முன்னால் வினாத்தாள்

முந்தைய ஆண்டு பொதுத்தேர்வு வினாத்தாள் ஒன்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். எழுத்துத் தேர்வு 90 மார்க், அகமதிப்பீடு 10. அந்த 90 இப்படிப் பிரிகிறது:

முதல் பகுதியில் 20 ஒரு மார்க் கேள்விகள். இரண்டாம் பகுதியில் கவிதை வரிகளைக் கொடுத்துக் கேட்கும் இரண்டு மார்க் கேள்விகளில் நான்கும், இலக்கணத்தில் மூன்றும் எழுத வேண்டும். மூன்றாம் பகுதி மூன்று மார்க்: இ.ஆர்.சி. (கவிதை வரியை இடம் சுட்டி விளக்குவது) இரண்டு, உரைநடையிலிருந்து சின்னக் கேள்வி இரண்டு, அட்டவணை, உரையாடல், அறிவிப்பு போன்ற பொதுக் கேள்விகள் மூன்று. நான்காம் பகுதியில் ஐந்து மார்க் கேள்விகள் ஏழு. அதில் 41, 42, 43-ஆம் கேள்விகள் மட்டும் முறையே உரைநடை, கவிதை, துணைப்பாடம். மீதி நான்கும் சுருக்கி எழுதுதல், கடிதம், பொதுக் கட்டுரை, இலக்கணம், பத்தி படித்து விடையளித்தல் என்று வரும்.

இப்போது ஒரு பென்சிலை எடுத்து, பாடத்தை மனப்பாடம் செய்யாமலே எழுதக்கூடிய கேள்விகளை மட்டும் வட்டமிடுங்கள். ஒரு மார்க்கில் சினானிம் (ஒரே பொருள் தரும் சொல்), ஆன்டோனிம் (எதிர்ச்சொல்) ஆறு போக மீதி 14. இலக்கணத்தில் 6. மூன்றாம் பகுதியின் பொதுக் கேள்விகளில் 9. நான்காம் பகுதியில் 20. கூட்டினால் 49 வருகிறது. 90க்கு 49!

கைடில் இருக்கிற பேராகிராஃபை உருப்போட்டுக்கொண்டு, இந்த 49-ஐத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. நீங்கள் அதைத் தலைகீழாக்குங்கள். முதலில் இந்த 49, பாடங்கள் அப்புறம்.

படி 2: தினமும் ஒரு பத்தி

ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்து, கீழே ஐந்து கேள்வி கேட்பார்கள். விடை கண்முன்னாலேயே இருக்கிறது. இருந்தும் மார்க் போவதற்குக் காரணம், கேள்விக்குச் சம்பந்தப்பட்ட வரியை அப்படியே பார்த்து எழுதிவிட்டு, கேள்வி என்ன கேட்டது என்பதை மறந்துவிடுவது.

முதலில் கேள்விகளைப் படியுங்கள். ஒவ்வொரு கேள்வியிலும் முக்கியமான சொல் ஒன்றை அடிக்கோடிடுங்கள். பிறகு பத்தியில் அந்தச் சொல்லையோ அதற்குப் பக்கத்தில் வரும் பொருளையோ தேடுங்கள். கிடைத்ததும் கேள்வியையே விடையின் தொடக்கமாக மாற்றுங்கள். ‘வை டிட் த ஃபார்மர் லீவ் த வில்லேஜ்?’ என்று கேட்டால், ‘த ஃபார்மர் லெஃப்ட் த வில்லேஜ் பிகாஸ்...’ என்று ஆரம்பியுங்கள். கேள்வியில் இருந்த ‘டிட்’ விடையில் காணாமல் போய், ‘லீவ்’ என்பது ‘லெஃப்ட்’ ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? பிள்ளைகள் தடுமாறுவது இந்த ஒரே இடத்தில்தான். ‘த ஃபார்மர் டிட் லீவ்’ என்று எழுதிவிடுவார்கள். ‘டிட்’ போனால் இறந்தகாலம் வினைச்சொல்லுக்கு வந்தாக வேண்டும். இதை மட்டும் பழகினாலே பாதிப் பிழை குறைந்துவிடும்.

பத்திக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் பாடப்புத்தகமே போதும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். தினமும் ஒன்று, இருபது நிமிடம், கையால் எழுதிப் பார்க்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடக் கூடாது.

படி 3: இலக்கணத்தை வினைச்சொல்லில் பிடியுங்கள்

ஆங்கில இலக்கணம் என்றதும் எல்லாத் தலைப்பையும் வரிசையாகப் படிக்க ஆரம்பித்துப் பாதியிலேயே சோர்ந்துபோவார்கள். நான் சொல்வது வேறு வழி. தினமும் புழங்குகிற ஐம்பது அறுபது வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: கோ, வென்ட், கான், ரைட், ரோட், ரிட்டன், டேக், டுக், டேக்கன். மூன்றாவது வடிவம் தெரியாமல் பேஸிவ் வாய்ஸ் (செயப்பாட்டு வினை) வராது. இரண்டாவது தெரியாமல் ரிப்போர்ட்டட் ஸ்பீச் (ஒருவர் சொன்னதை நம் வாக்கியமாக மாற்றிச் சொல்வது) வராது. பிள்ளைகள் ‘எனக்கு வாய்ஸ் புரியவில்லை’ என்று சொல்லும்போது, பல நேரம் விதி புரிந்துதான் இருக்கும், வினையின் வடிவம்தான் தெரியாமல் இருக்கும்.

அடுத்தது இஃப் கிளாஸ். இதற்குத் தமிழே கை கொடுக்கும். ‘நீ படித்தால் பாஸ் ஆவாய்’ என்பது நடக்கக்கூடியது: ‘இஃப் யூ ஸ்டடி, யூ வில் பாஸ்.’ ‘நீ படித்திருந்தால் பாஸ் ஆகியிருப்பாய்’ என்பது முடிந்துபோன கதை: ‘இஃப் யூ ஹேட் ஸ்டடீட், யூ வுட் ஹேவ் பாஸ்ட்.’ நடுவில் ஒன்று இருக்கிறது, வெறும் கற்பனை. ‘நான் பறவையாக இருந்தால் பறப்பேன்’: ‘இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை.’ இந்த மூன்று வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். எந்த இஃப் கேள்வி வந்தாலும் இந்த மூன்றில் எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் போதும்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் நான்கு மாற்றங்களைக் கவனியுங்கள்: சொன்ன வினை, இணைக்கும் சொல், ஆள், காலம். ‘ராமு செட் டு சீதா, ஐ யம் ரைட்டிங் எ லெட்டர் நவ்’ என்பது ‘ராமு டோல்ட் சீதா தட் ஹி வாஸ் ரைட்டிங் எ லெட்டர் தென்’ ஆகிறது. ‘செட் டு’ போய் ‘டோல்ட்’, நடுவில் ‘தட்’, ‘ஐ’ போய் ‘ஹி’, ‘யம்’ போய் ‘வாஸ்’. காலம் மாறியதால் ‘நவ்’ என்பதும் ‘தென்’ ஆகிவிட்டது. கேள்வி வாக்கியமாக இருந்தால் ‘தட்’டுக்குப் பதில் ‘இஃப்’, அல்லது கேள்வியிலேயே இருக்கிற ‘வை’, ‘வேர்’ போன்ற சொல்.

கொஸ்டின் டேக் ஒரு மார்க்தான், ஆனால் அதை ஒருநாளில் கற்றுக்கொள்ளலாம். முன்னால் ஆமென்றால் பின்னால் இல்லை, முன்னால் இல்லையென்றால் பின்னால் ஆம். ‘ஷி இஸ் எ டீச்சர், இஸ்ன்ட் ஷி?’ டேக்கில் பெயர் வராது. ‘ஹி’, ‘ஷி’, ‘தே’ போன்ற சொல்தான் வரும்.

படி 4: கடிதமும் சுருக்கமும்

இவற்றில் வடிவத்துக்கே மார்க் இருக்கிறது. கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், விளிப்பு, பொருள், இரண்டு சின்னப் பத்தி, முடிப்பு, இடம், தேதி, கடைசியில் உறைமேல் முகவரி. வேலைக்கு விண்ணப்பம் என்றால் பயோ-டேட்டாவும் சேரும். உங்கள் சொந்தப் பெயரையோ பள்ளிப் பெயரையோ விடைத்தாளில் எங்கும் எழுதக் கூடாது. வினாத்தாளில் பெயர் கொடுத்திருந்தால் அதை எழுதுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று போடுங்கள்.

சுருக்கி எழுதும்போது மூலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வர வேண்டும். உதாரணம், எண்ணிக்கை, மேற்கோள் எல்லாவற்றையும் முதலில் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் கருத்து. ரஃப் டிராஃப்ட் எழுதி ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே ஃபேர் டிராஃப்ட் எழுதுங்கள். தலைப்பு மறக்க வேண்டாம்.

படி 5: இப்போது பாடங்களுக்கு வாருங்கள்

உரைநடை 6, கவிதை 6, துணைப்பாடம் 6. கைடில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்துக்கு விடை இருக்கும். அழகான ஆங்கிலம்தான், ஆனால் அது உங்களுடையது அல்ல. நடுவில் ஒரு சொல் மறந்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். தேர்வறையில் பேனாவைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரு சொல்லைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பதிலாக, கதையை முதலில் தமிழில் வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். ‘த சேர்’ பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அது கி. ராஜநாராயணன் தமிழில் எழுதிய ‘நாற்காலி’ கதைதான். நூலகத்தில் அவருடைய சிறுகதைத் தொகுப்பு கிடைத்தால் ஒருமுறை தமிழிலேயே படித்துவிடுங்கள். அப்புறம் அந்தக் கதை உங்களுக்கு மறக்கவே மறக்காது. வீட்டுக்கு ஒரு சப்-ஜட்ஜ் வருகிறார், உட்கார நாற்காலி இல்லை, ஸ்டூலில் உட்கார்ந்து விழுகிறார். நாற்காலி செய்ய முடிவெடுக்கிறார்கள். இரண்டு நாற்காலி செய்து ஒன்றை மாமா வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். ஊரில் சாவு விழுந்தால் பிணத்தை உட்காரவைக்க அந்த நாற்காலியைக் கேட்டு வருகிறார்கள்.

இதை ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ‘எ சப்-ஜட்ஜ் கேம் டு அவர் ஹவுஸ். வி ஹேட் நோ சேர். ஹி சாட் ஆன் எ ஸ்டூல். ஹி ஃபெல் டவுன்.’ எல்லாம் இறந்தகாலம், ஒவ்வொன்றிலும் ஒரே வினை. படி 3-இல் எழுதிய வினைச்சொல் நோட்டு இங்கேதான் உதவுகிறது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வாக்கியம் எழுதினால் ஐந்து மார்க் பத்தி தயார். கேள்வி எப்படி மாற்றிக் கேட்டாலும், கதை தெரிந்தவருக்கு எழுத ஏதாவது இருக்கும். எழுதியதை ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். திருத்தியதை மறுபடி ஒருமுறை எழுதிப் பார்த்தால்தான் அந்தத் திருத்தம் மனசில் நிற்கும்.

பதினெட்டையும் செய்ய நேரமில்லை என்றால், 41, 42, 43 மூன்றுக்கும் ‘அல்லது’ உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் இரண்டே பாடத்தை நம்பிப் போகாதீர்கள். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது நான்கு பாடமாவது எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

கவிதைக்கு: ஆறு தலைப்பும் ஆறு கவிஞர் பெயரும் எழுத்துப்பிழை இல்லாமல் வர வேண்டும். இ.ஆர்.சி.யில் முதல் வேலையே அதுதான். இந்த வரி எந்தக் கவிதை, யார் எழுதியது, எந்தச் சூழலில் வருகிறது, என்ன பொருள். கவிதையும் கவிஞரும், சூழல், பொருள் என்று மூன்றுக்கும் தனித்தனித் துணைத்தலைப்பு போடுங்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்’ பயப்படுகிற பிள்ளைகளுக்கு ஏற்ற கவிதை. குழந்தை, பள்ளிச் சிறுவன், காதலன், போர்வீரன், நீதிபதி, முதியவன், மறுபடி குழந்தைபோல் ஆகிவிடுகிற கிழவன் என்று ஏழு கட்டம். ஏழு பெட்டி வரைந்து ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் எழுதினால் பத்தி முடிந்தது. அணி கேட்கும் கேள்விகளும் இதில் எளிது. பள்ளிச் சிறுவன் நத்தைபோல் ஊர்ந்து போகிறான் என்ற இடத்தில் ‘லைக்’ வருகிறது, ஆகவே சிமிலி. ‘லைக்’கும் இல்லை, ‘ஆஸ்’ஸும் இல்லை, ஆனாலும் ஒன்றை இன்னொன்றாகவே சொல்கிறார்கள் என்றால் மெட்டஃபர்.

படி 6: ஒரு மார்க்

ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் இருக்கிற சொற்பயிற்சிகளைப் பென்சிலால் செய்து முடியுங்கள். சினானிம், ஆன்டோனிம் இரண்டையும் கலந்து படித்தால் குழம்பும். ஒரு நாள் இது, மறுநாள் அது. விடை எழுதும்போது எழுத்துக் குறியீட்டை மட்டும் போடாமல் விடையையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 7: தேர்வறையில்

10 மணிக்கு வினாத்தாள் கையில் கிடைக்கும். படிக்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15-க்கு எழுத ஆரம்பித்து 1.15 வரை. அந்தப் பத்து நிமிடத்தில் சாய்ஸ் கேள்விகளில் எதை எழுதப்போகிறோம் என்று முடிவெடுத்துவிடுங்கள். ஒரு மார்க் கேள்விகளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஐந்து மார்க் கேள்விகளுக்கு எண்பது நிமிடமாவது மிச்சம் வேண்டும். எப்போதும் கடைசியில் விட்டுவிட்டு அவசரமாகக் கிறுக்குகிற பத்தி படித்து விடையளிக்கும் கேள்வியை முன்னாலேயே எழுதிவிடுங்கள். தெரியாத கேள்வி இருந்தால் இடம் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம், வினா எண் மட்டும் மாறாமல் இருக்க வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூன்றே விஷயம் பாருங்கள்: வினா எண்கள் சரியா, ‘ஹி’, ‘ஷி’ வந்த இடத்தில் நிகழ்கால வினைக்கு எஸ் போட்டிருக்கிறோமா, இறந்தகாலத்தில் ஆரம்பித்த பத்தி நடுவில் நிகழ்காலத்துக்கு நழுவியிருக்கிறதா. திருத்த வேண்டியதை ஒரே கோட்டில் அடித்து மேலே எழுதுங்கள். கூடுதல் தாள் வாங்கியிருந்தால் நூல் கட்டும் முன் வரிசையைச் சரிபாருங்கள்.