ராத்திரி அரிப்பும் செல்லோடேப்பும் – என் அனுபவம்

மன்னார்குடி பக்கம் எங்க ஊரு. ஆறு வயசுப் பொண்ணு பத்து நாளா ராத்திரி ஆனா ஆசனவாய சொறிஞ்சிக்கிட்டு தூங்காம அழுதா, பகல்ல ஒண்ணுமே இல்ல. அப்பாயி வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடுத்தாங்க, கேக்கல. சூட்டுக் கொப்புளம்னு தேங்காண்ணெய் தடவினோம், அதுவும் இல்ல. மலம் டெஸ்ட் எடுத்தா புழுவே இல்லன்னு வந்துடுச்சு, அதை நம்பி நாலு நாள் வீணாப்போச்சு.

அப்புறம் ஊருக்கு வர்ற நர்சக்கா சொன்னாங்க, கீரிப்பூச்சின்னு குடல்ல இருக்குற சின்ன வெள்ளைப் புழுவோட முட்டை மலத்துல சரியா தெரியாது, பொட்டப்பூச்சி ராத்திரில வெளிய வந்து ஆசனவாய் ஓரத்துல தான் முட்டை போடும்னு. காலைல பாப்பா எந்திரிச்சதும் கக்கூஸ் போய் கால் கழுவுறதுக்கு முன்னாடி செல்லோடேப்ப அங்க ஒட்டி எடுத்து கண்ணாடித்துண்டுல ஒட்டிக் குடுத்தோம், லேப்ல முட்டை தெரிஞ்சிருச்சு.

டாக்டர் அல்பெண்டசோல்ங்கிற பூச்சி மாத்திரை 400 மி.கி. எழுதுனாரு. பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை குடுத்தாங்களே பின்ன ஏன் வந்துச்சுன்னு கேட்டேன், மாத்திரை பூச்சியத்தான் கொல்லும் முட்டைய கொல்லாது, அதனால ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப ஒண்ணு, அதுவும் வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல போடணும்னாரு. கர்ப்பமா இருக்கவங்க மட்டும் கேக்காம போடக்கூடாதாம்.

மாத்திரை போட்ட அன்னிக்கே பாய், போர்வை, தலையணை உறை எல்லாம் வெந்நீர்ல அலசி வெயில்ல காயப்போட்டோம், எல்லாருக்கும் நகத்த ஒட்ட வெட்டினோம். பாப்பா கட்டைவிரல் சூப்புவா, நகத்தடில இருந்த முட்டை அப்படியே திரும்ப வாய்க்குப் போயிட்டு இருந்திருக்கு! ரெண்டாவது மாத்திரைக்கு அப்புறம் அரிப்பு இல்ல, நல்லா தூங்குறா.